அப்போது கூட இருந்தது யார்

கட்டிலை விட்டு எழுந்து முதல் அடி எடுத்து வைக்கும்போதுதான் அந்த வலி வந்தது. வலது தொடையின் நடுவில், எலும்புக்குள் ஆணி இறங்குவது போல. நாலைந்து அடி நடந்தால் குறைந்துவிடும். அதனால் வெகுநாள் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் ஆளும் இல்லை.

தக்கலையில், பெரிய ரோட்டின் சத்தம் பாதி மட்டும் கேட்கிற ஒரு தெருவில் என் வீடு. இரண்டு அறை, ஒரு அடுக்களை, பின்னால் ஒரு பலாமரம். குலசேகரத்துக்கு அருகே கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. அதைப் பால்வெட்டுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். காலையில் சோறு வைத்தால் மாலைவரை போதும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன். வலி வந்த பிறகு முழங்கால் போட முடியாததால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தலையை மட்டும் குனிந்துகொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பக்கத்து இடுப்பு மூட்டு என் சொந்த மூட்டு அல்ல. வளைகுடாவில் நான் டவர் கிரேன் ஓட்டினேன். ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் மாலையில்தான் இறங்குவேன். கீழே இருந்து வயர்லெஸ்ஸில் ஒருவன் ஏற்று, இறக்கு என்பான். மற்றபடி காற்றின் சத்தம்தான். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நாற்பது வயது தாண்டிய சமயத்தில் ஏணிப்படியில் கால் தூக்க முடியாமல் போனது. வலது இடுப்பில் பந்து போல இருக்கும் எலும்புக்கு ரத்தம் ஓடாமல் அது செத்துவிட்டது என்றார்கள். லீவில் வந்து திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூட்டை மாற்றிக்கொண்டேன். குணமானதும் திரும்பிப் போனேன். கிரேனில் ஏறவிடவில்லை, ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். சில வருஷங்கள் இருந்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன்.

வலி தாங்காமல் தக்கலையிலேயே ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். இளம்பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் தொடை எலும்புக்குள் இருந்த கம்பியின் ஓரத்தைக் காட்டினார். கம்பிக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடியது.

"உள்ள வச்சது இளகியிருக்கு அங்கிள். இதை எடுத்துட்டு வேற வைக்கணும். நான் இங்க வச்சு செய்யுற வேலை இல்ல. இதையே செய்யுற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன்."

அப்படியென்றால் கடிதத்தை இன்றைக்கே வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். முதல் தடவை மூட்டு மாற்ற அனுப்புவதென்றால் இரண்டு வரி போதும், மறுபடியும் மாற்ற அனுப்புவதென்றால் முதலில் நடந்தது முழுவதும் எழுத வேண்டும் என்றார். எழுதாமல் அனுப்பினால் அங்கே இருப்பவர்கள் இருட்டில் தடவ வேண்டியிருக்கும். பிறகு கேட்கத் தொடங்கினார்.

எப்போது செய்தது, எதற்காகச் செய்தது, யார் செய்தது. எந்தக் கம்பெனியின் மூட்டு, என்ன அளவு. சிமெண்ட் வைத்து ஒட்டினார்களா, ஒட்டாமல் அடித்து இறக்கினார்களா. இது தெரிந்தால்தான் அதைக் கழற்றுவதற்கான கருவியை முன்கூட்டியே வரவழைக்க முடியுமாம். ஆபரேஷன் முடிந்த உடனே எடுத்த படம் இருக்கிறதா, அதற்குப் பிறகு எடுத்தவை இருக்கின்றனவா. சர்க்கரை உண்டா, ரத்தம் இளக்கும் மாத்திரை உண்டா. பல்லில் சீழ், மூத்திரத்தில் எரிச்சல் என்று ஏதாவது வந்ததா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாதது அதிகம் இருந்தது.

பிறகு ஒன்று கேட்டார். "இத்தனை வருஷத்துல வலியே இல்லாம இருந்த காலம்னு ஒண்ணு உண்டா?"

உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த வலி கழுதை உதைப்பது போல. அதன் பிறகு இருந்தது ஒரு மந்தமான உளைச்சல், தொடைக்குள் எப்போதும். கையில் கட்டிய வாட்ச் போல அது என்னோடு இருந்தது. அதை நான் வலி என்று கணக்கில் சேர்த்ததே இல்லை. அதைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆபரேஷன் கழிஞ்சு புண்ணு எப்படி ஆறிச்சு? லேட் ஆச்சா? நீர் கசிஞ்சுதா?"

எனக்குத் தெரியவில்லை. புண் இடுப்பின் பின்பக்கமாக இருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கட்டு மாற்றுவார்கள். என் கண்ணுக்கு எதிரே சுவர் மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான்.

"அப்போ கூட இருந்தது யாரு?"

"வீட்டுக்காரி."

"ஆன்ட்டிட்ட கேட்டுட்டு வாங்க. அது முக்கியம். அதுவரைக்கும் காய்ச்சல் சளின்னு போய் யார்ட்டயும் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீங்க. உள்ள கிருமி இருந்தா அது மறைஞ்சு நின்னுடும்."

சரி என்று சொல்லி எழுந்தேன். என் மனைவி என்னோடு இல்லை என்பதை அந்த அறையில் சொல்லத் தோன்றவில்லை.

அவளுக்கு ஊர் இனயம். நான் தக்கலைப் புராட்டஸ்டண்ட் சபைக்காரன், அவள் கடற்கரைக் கத்தோலிக்கப் பெண். இரண்டு பக்கமும் முகம் சுளித்துத்தான் கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் இல்லை. நான் ஸ்டோர் வேலையில் இருந்தபோது அவளுடைய தம்பி கடலுக்குப் போன வள்ளம் ஒரு புயலில் திரும்பவில்லை. அவன் பெஞ்சாதி அதோடு படுத்துவிட்டாள். சிறிய பெண்பிள்ளைகள் இரண்டு. என் மனைவி அவர்களைப் பார்க்க இனயத்துக்குப் போனாள். நான் லீவில் வரும்போது தக்கலைக்கு வந்து சில நாட்கள் இருப்பாள். பிறகு அந்த நாட்கள் குறைந்தன. நான் ஊருக்கே வந்தபோது அவள் வரவில்லை. நான் வா என்று சொல்லவில்லை. அவள் வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சமாதானம் பேச வந்த உறவுக்காரர்களுக்கு எங்களுக்குள் ஒரு சண்டைகூடக் கிடைக்கவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பார்த்துக்கொள்வோம். சுகமா என்று கேட்பாள். சுகம் என்பேன்.

அதனால் டாக்டர் கேட்ட மற்றவற்றை முதலில் தேடினேன். பெட்டிக்குள் பழைய பாஸ்போர்ட்டுகளோடு மருத்துவமனை தந்த காகிதம் கிடந்தது. நல்லபடியாக ஆபரேஷன் முடிந்தது, புண் சுத்தம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூட்டின் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டுகள் கீழே வரிசையாக இருந்தன. ஆனால் எழுத்து முழுவதும் வெளிறி, வெறும் வெள்ளைச் சதுரங்களாகியிருந்தன. வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு எண்ணின் வால்கூடத் தெரியவில்லை. எக்ஸ்ரே படங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இழுத்தபோது ஒன்று மட்டும் முழுசாகப் பிரிந்து வந்தது. ஸ்டோரில் ஒருமுறை வழுக்கி விழுந்தபோது கம்பெனி டாக்டர் எடுக்கச் சொன்ன படம் அது.

பிறகு திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினேன். படியில் ஏற வலது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. கண்டக்டர் பின்னாலிருந்து, பைய ஏறுங்க என்றார். மருத்துவமனை இருந்த இடத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு நின்றது. காவலாளிக்கு அங்கே ஆஸ்பத்திரி இருந்ததே தெரியவில்லை. எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் பழைய ஆள். அந்த டாக்டர் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகள் வெளிநாட்டில், காகிதமெல்லாம் எப்போதோ போய்விட்டது என்றார். ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்து அந்தக் குடியிருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால்கனிகளில் துணி காய்ந்தது. என்னைக் கிடத்தியிருந்த அறை எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று யோசித்தேன். அந்த ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு அவள் ஆரஞ்சு உரித்துத் தந்தது மட்டும் நினைவிருந்தது.

கிடைத்ததைக் கொண்டுபோய் டாக்டரிடம் வைத்தேன். சீட்டுகள் வெளிறியது பரவாயில்லை, மூட்டின் வடிவத்தைப் படத்தில் பார்த்தே எது என்று கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அங்கே இருப்பார்கள் என்றார். அந்தப் பழைய படம் அவருக்குப் பெரிய சந்தோஷத்தைத் தந்தது. புதிய படத்தை அதன் பக்கத்தில் மாட்டி, கம்பி எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று எனக்குக் காட்டினார். பிறகு ஆன்ட்டி என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"அவ இனயத்துல இருக்கா" என்றேன்.

அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே, போன் இருக்குமே என்று மட்டும் சொன்னார்.

போன் இருந்தது. அவள் எண்ணும் இருந்தது. வீட்டுக்கு வந்து அதை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். சாவுச் செய்தி என்றால் எப்படித் தொடங்குவது என்று தெரியும். இதை எப்படித் தொடங்குவது? மறுநாள் கருங்கல்லில் பஸ் மாறி இனயத்துக்குப் போனேன்.

கதவைத் திறந்தது இளைய பெண். கல்லூரியில் படிக்கிறாள். மூத்தவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. என்னைக் கண்டதும், "அத்தே, மாமா வந்திருக்காரு" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. நான் கெட்ட செய்தி கொண்டுவந்திருப்பதாக நினைத்திருப்பாள்.

என் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, வாசலில் நான் படி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முடி பெரும்பாலும் நரைத்திருந்தது. முகம் மெலிந்திருந்தது.

"சாஞ்சு நடக்கீங்க" என்றாள். "வலது கால் குறஞ்சிருக்கு."

அதை டாக்டர் டேப் வைத்து அளந்துதான் சொல்லியிருந்தார்.

உட்கார்ந்தேன். அவள் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். உள்ளறையில் தம்பி மனைவி படுத்திருந்தாள். வந்திருப்பது யார் என்று அவள் கேட்க, நான்தான் என்று என் மனைவி சொன்னாள். கடற்கரையில் போட்டிருந்த தடுப்புக் கல்லில் அலை வந்து அடிப்பது வீட்டுக்குள் கேட்டது.

"இடுப்பு இளகிப்போச்சு. மறுபடியும் கீறணும்ங்காங்க. முன்ன நடந்ததெல்லாம் கேக்காங்க. புண்ணு எப்படி ஆறிச்சுன்னு கேக்காங்க. எனக்கு ஒண்ணும் ஓர்ம இல்ல."

அவள் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலைச் சுரண்டினாள்.

"எனக்கு ஓர்ம உண்டு" என்றாள்.

அவள் சொன்னதை நான் சுவரைப் பார்த்துக் கிடந்த காலத்தின் மறுபக்கத்தைக் கேட்பது போலக் கேட்டேன். தையல் பிரித்த பிறகும் புண்ணின் கீழ்முனை மூடவில்லை. ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை. அதிலிருந்து கசிந்துகொண்டே இருந்தது. என் பழைய முண்டு வேட்டியைக் கிழித்து மடித்து வைப்பாளாம். விடிந்து பார்த்தால் நனைந்திருக்கும். துணியை வேறாகக் காய்ச்சித் துவைத்து, நான் பார்க்காதபடி பலாமரத்துக்குப் பின்னால் காயப் போடுவாளாம்.

"சீழு சலம் ஒண்ணும் இல்ல. சலம்னா நாத்தம் வரும். இது தண்ணி மாதிரி தெளிஞ்ச வெள்ளம். பொறவு கொஞ்சம் மஞ்சளா வந்துது. ராத்திரி உங்களுக்கு ஒடம்பு லேசா காயும். நான் ஒருநாள் தனியா திருவனந்தபுரத்துக்குப் போயி டாக்டர்ட்ட சொன்னேன். அவரு மாத்திரை எழுதித் தந்தாரு. பொறவு ஒருதடவ வேற மாத்தித் தந்தாரு."

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா நீங்க உறங்கமாட்டீங்க. திரும்பிப் போக முடியாதுன்னு நினைச்சு மேலும் கெடப்பீங்க." சற்று நிறுத்தி, "வயித்துக்கு உள்ள மாத்திரன்னு சொல்லித்தான் தந்தேன். சிவப்பும் கறுப்புமா ஒரு கேப்சூல் மாத்திரை" என்றாள்.

அந்த மாத்திரை எனக்கு நினைவு வந்தது. அதை விழுங்கியதும் அவள் ஒரு துண்டு கருப்பட்டி தருவாள். வயிற்றுக்கு எதற்கு இத்தனை நாள் மாத்திரை என்று நான் கேட்டிருக்கிறேன். கோபமாகக்கூடக் கேட்டிருக்கலாம். அவள் பதில் சொல்லாமல் தண்ணீர்ச் செம்பை நீட்டியிருப்பாள்.

எனக்கு வேறு எதையாவது பேச வேண்டும் என்று இருந்தது. அந்த நாட்களைப் பற்றி, அவள் தனியாகப் பஸ் ஏறிப் போய் வந்ததைப் பற்றி.  டாக்டரிடம் இதைச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"நான் வந்து சொல்லுதேன். நீங்க சொன்னா பாதி விட்டுப்போவும்" என்றாள்.

மதியம் சோறு போட்டாள். சாளைக் கறி. பழைய ருசிதான். உள்ளே படுத்திருந்த மதினிக்கு ஊட்ட வேண்டியிருந்ததால் எனக்குக் கறியை விளம்பிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சொன்னபடி அந்த வாரமே தக்கலைக்கு வந்தாள். வீட்டுக்கு வரவில்லை, நேராக டாக்டரின் கிளினிக்குக்கே வந்தாள். வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் டாக்டர், நீங்க யாரு என்று கேட்டார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"இவருக்க வீட்டுக்காரி" என்றாள்.

நான் மேசையைப் பார்த்தேன்.

டாக்டர் கேட்கக் கேட்க அவள் நிதானமாகச் சொன்னாள். எத்தனை நாள் கசிந்தது என்பதற்கு அவளிடம் தேதி இல்லை. ஆனால் இனயத்துக் கோயிலில் திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்பு ஆபரேஷன் நடந்தது என்றாள். கொடி இறங்கிய பிறகும் துணி நனைந்தது, மழை பிடித்த பிறகுதான் முழுசாகக் காய்ந்தது என்றாள். டாக்டர் அதைக் கணக்குப் போட்டு மாதமாக எழுதிக்கொண்டார். எந்த முனை, எவ்வளவு, என்ன நிறம், காய்ச்சல் எப்போது, மாத்திரை எத்தனை வகை, காய்ந்த பிறகு எப்போதாவது திரும்பவும் வீங்கியதா. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்றாள். இருவரும் என் இடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே இல்லாத ஒருவரைப் போல உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் டாக்டர் கேட்டார்: "ஆபரேஷன் கழிஞ்சு வீட்டுல பாத்துக்க ஆள் உண்டா? ஏணிப்படி உண்டா, கக்கூஸ் எப்படி, எல்லாம் எழுதணும். ரொம்ப நாள் கால ஊன முடியாது."

 வெளியே யாரோ டோக்கன் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆள் வச்சுக்கலாம்" என்றேன்.

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே எதையும் எடுக்காமல் மூடினாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

பஸ் நிலையத்தில் கருங்கல் பஸ் நின்றது. காப்பி குடிக்கலாமா என்று கேட்டேன். மதினி தனியாக இருப்பாள், பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கிறது என்றாள். ஏறி உட்கார்ந்தபின் ஜன்னல் வழியாக, "எப்போ போறீங்கன்னு சொல்லுங்க" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

நாகர்கோவிலில் ஒரு ஏஜென்சி மூலம் கூட இருக்க ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு ரயிலில் வடக்கே அந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனேன். அங்கே அறுவை செய்யும் டாக்டர் என்னைத் தொடுவதற்கு முன்பு கடிதத்தை முழுவதும் படித்தார். புண் கசிந்த இடம் வந்ததும் விரலை அதில் வைத்துக்கொண்டு, இதைச் சொன்னது யார் என்று கேட்டார். மனைவி என்றேன். வந்திருக்கிறார்களா என்றார். இல்லை என்றேன்.

ரத்தத்தில் சோதித்தது பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அப்படி இருந்தும் அவர் இடுப்புக்குள் ஊசி இறக்கி நீர் எடுத்தார். அந்த நீரில் கிருமி ஏதும் முளைக்கிறதா என்று வழக்கத்தைவிட அதிக நாள் வளர்த்துப் பார்க்கச் சொல்லிப் பரிசோதனைக் கூடத்துக்குத் தனியாக எழுதினார். ஊரில் காத்திருந்தேன். போனில் கூப்பிட்டார்கள். மெதுவாக வளரும் ஒரு கிருமி உள்ளே இருந்தது. அத்தனை வருஷமும் அது அங்கேயே இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். வெறுமனே இளகியது என்று நினைத்து ஒரே ஆபரேஷனில் புதிய மூட்டை வைத்திருந்தால் அதுவும் கெட்டுப்போயிருக்கும். இனி இரண்டு தடவையாகச் செய்ய வேண்டும். முதலில் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, மருந்து கலந்த சிமெண்டில் ஒரு தற்காலிக மூட்டு. கிருமி போனது உறுதியான பிறகு நிரந்தர மூட்டு.

முதல் ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்து கிடந்த வாரங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவற்றில் எதுவும் நடக்கவில்லை. கூட இருந்த ஆள் காலையில் வருவார், குளிப்பாட்டுவார், சோறு வைப்பார், ஊசி போட நர்ஸ் வரும்போது கதவு திறப்பார், மாலையில் போய்விடுவார். நல்ல மனிதர். பேச மாட்டார். வாக்கர் பிடித்து ஒற்றைக் காலில் கக்கூஸ்வரை போய் வருவதுதான் என் பயணம். மழை பெய்தால் தெருவில் குடை விரியும் சத்தம் கேட்கும். பலா பழுத்துத் தானே விழும் சத்தம் கேட்கும். எடுப்பதற்கு ஆள் இல்லாமல் அங்கேயே கிடந்து மணக்கும். கிரேன் கூண்டிலும் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அங்கே கீழேயிருந்து ஒருவன் என் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

வீடு வந்ததும் அவளுக்கு ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினேன், மறுநாள் அவள் கூப்பிட்டாள். வீடியோ கால். அதற்குமுன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. திரையில் அவள் முகம் மிக அருகே தெரிந்தது. கண்ணாடி போட்டிருந்தாள், கண்ணாடி போடத் தொடங்கியதே எனக்குத் தெரியாது.

"போனை அந்த ஆள்ட்ட குடுங்க. புண்ணப் பாக்கணும்" என்றாள்.

அந்த மனிதர் கட்டைப் பிரித்துப் போனைப் பின்பக்கம் பிடித்தார். நான் பழையபடி சுவரைப் பார்த்துக் கிடந்தேன். அவளுடைய குரல் மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கொஞ்சம் கீழ காட்டுங்க, அந்த முனை, லைட்ட போடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். 

"காஞ்சிருக்கு" என்றாள். "கட்டு நனைஞ்சா ஒடனே சொல்லணும். ஒளிக்கப்பிடாது."

அந்த மனிதர், சரி அம்மா என்றார். அது அவருக்குச் சொன்னது. போன் என் கைக்கு வந்தபோது அவள் வைத்துவிட்டிருந்தாள்.

அதன்பின் கட்டு மாற்றும் நாளெல்லாம் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் புண்ணைத்தான் பார்த்தாள். எனக்கு அவளை முகம் பார்த்துப் பேச ஆசையாக இருந்தது. ஆனால் அதைக் கேட்டால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாளோ என்று சுவரைப் பார்த்தபடியே கிடந்தேன். தையல் எடுத்தபோது கீழ்முனை நன்றாக மூடியிருந்தது. அவள் போனிலேயே சிலுவை போட்டுக்கொண்டதாக அந்த மனிதர் என்னிடம் சொன்னார்.

மழைக்காலம் முடிந்து இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. இந்தத் தடவை வைத்த மூட்டின் கம்பெனி, அளவு, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்துத் தந்தார்கள். அதைப் படம் எடுத்து அவளுக்கும் அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது. புண் ஆறியது. உளைச்சல் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது தொடையில் ஒன்றுமே இல்லை என்று தோன்றி நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

புண் ஆறியதும் அவள் கூப்பிடுவதும் நின்றுவிட்டது. நானும் அது அப்படித்தான் என்று இருந்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, காரணம் ஒன்றும் இல்லாமல், நானே கூப்பிட்டேன்.

"என்ன, கசியுதா?" என்றாள் எடுத்தவுடன்.

"இல்ல. சுகமா இருக்கு. சும்மாதான் விளிச்சேன்."

 அங்கே மழையா என்று கேட்டேன். இல்லை, காற்று மட்டும் என்றாள். மதினிக்கு எப்படி என்று கேட்டேன். அப்படியே கிடக்கிறாள் என்றாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். கஞ்சி வைத்தேன் என்றேன்.  உள்ளேயிருந்து மதினி கூப்பிடுவது கேட்டது.

"இரிங்க, வாறேன்" என்று போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள்.

நான் காதில் வைத்தபடியே இருந்தேன். பாத்திரம் வைக்கும் சத்தம், இளைய பெண் ஏதோ படித்துக்கொண்டிருக்கும் சத்தம், பின்னால் கல்லில் அடிக்கும் கடல். அந்த வீட்டின் மாலை முழுவதும் என் காதுக்குள் நடந்துகொண்டிருந்தது. என் பக்கம் இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்குப் போட எழவில்லை. எழுந்தால் அவள் வரும்போது கேட்காமல் போய்விடலாம்.

வெகுநேரம் கழித்து யாரோ போனை எடுக்கும் சத்தம் கேட்டது.

"இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன்.